கருங்காலியா, ஈட்டியா, பனையா: பழைய கைத்தடி சேகரிப்போருக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய கைத்தடி தேடுபவர் முன் நிற்கும் தேர்வுகளில் கருங்காலி, ஈட்டி (ரோஸ்வுட்), பனை ஆகிய மூன்று மரங்களும் முக்கியமானவை. இவற்றுள் பெயரும் மதிப்பும் கருங்காலிக்கே அதிகம். கருங்காலி மாலைமேல் அண்மையில் எழுந்த மோகம் அதை இன்னும் ஏற்றிவிட்டது. அதன் வைரம், அதாவது முதிர்ந்து இறுகிய பகுதி, தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்ந்தது. இழை நெருக்கமாதலால் மெருகு அருமையாக ஏறும். ஆயினும் வெயிலும் ஈரமும் மாறிமாறிப் பட்டால் அது நீளவாக்கில் வெடிக்கும். வேறு மரத்துக்குச் சாயமேற்றிக் கருங்காலி என்று விற்பதும் உண்டு என்பதால், தடியின் அடிநுனியில் மாட்டிய உலோக உறையான பூணுக்கு அருகே மறைவான இடத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் தேய்த்துப் பார்க்க வேண்டும். பழைய அரக்கு மெருகும் ஸ்பிரிட்டில் கரையுமாதலால் பஞ்சில் பழுப்பு ஏறினால் அஞ்ச வேண்டாம். கறுப்பு ஏறினால்தான் ஐயம்.

ஈட்டி நடுத்தரமான தேர்வு. செவ்வூதா கலந்த பழுப்பில் கரிய வரிகள் ஓடும் அம்மரம் செதுக்கு வேலைக்கு இணங்கும். கரையானும் எளிதில் அணுகாது. இம்மாவட்டம் முன்பு சேர்ந்திருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தேக்கு, சந்தனம் ஆகியவற்றோடு ஈட்டியும் கருங்காலியும் அரசுக்குரிய மரங்களாக இருந்தமையால், இவ்விரண்டிலும் செய்த தடிகள் எளியவர் கைக்கு எளிதாக வந்திருக்க முடியாது.

என் தேர்வு பனை. முதிர்ந்த பனையின் வெளிப்புறம் மட்டுமே வைரம் பாய்ந்திருக்கும், உள்ளே மென்மையான சோறு. அந்த மெல்லிய வெளிச்சுற்றிலிருந்து கோணலில்லாமல் ஒரு தடியைப் பிளந்தெடுத்து, சிலாம்பு எழாமல் இழைத்து முடிப்பது கருங்காலியைக் கடைவதைவிடக் கடினம் என்பேன். நுண்ணிய செதுக்கு வேலை அதில் நிற்காது; அழகெல்லாம் நெடுக ஓடும் கருநார்களில்தான். பூணைக் கழற்றி நுனியைப் பார்த்தால் ஆண்டு வளையங்களுக்குப் பதிலாகக் கரும்புள்ளிகள் தெரியும். இந்த அடையாளத்தைச் சாயத்தால் உண்டாக்க இயலாது. ஆனால் வீடு பிரித்த பனங்கையிலிருந்து (கூரைச் சட்டத்திலிருந்து) நேற்று இழைத்த தடியிலும் அதே புள்ளிகள் இருக்குமாதலால், மரத்தின் வயதைத் தடியின் வயதாகக் கொள்ளக் கூடாது. பிடியில் கை பட்டுத் தேய்ந்த இடமும், ஊன்றும் கைக்கேற்பப் பூண் ஒருபக்கமாகத் தேய்ந்திருப்பதுமே நம்பத்தக்க சான்றுகள். இவை இரண்டும் இல்லாத தடிக்குப் பழம்பொருள் விலை கேட்டால் மறுத்துவிடலாம்.

மரம் எதுவாயினும் தந்தப்பிடி உள்ளதைத் தவிர்க்கவும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடை செய்துள்ளன. பரம்பரைச் சொத்து என்று விற்பவர் சொன்னாலும் அந்த விற்பனை செல்லுபடியாகாது. பித்தளைப் பிடியோ எருமைக் கொம்புப் பிடியோ போதும்.