செஃப்எஃப்எஸ்: தானியங்கி பேலன்சரா, கையால் பின் போடுவதா?

செஃப்எஃப்எஸ் (CephFS) என்பது பல சர்வர்களில் பரவிய ஒரு கோப்பு முறைமை. அதில் கோப்புப் பெயர்கள், டைரக்டரிகள் போன்ற மெட்டாடேட்டாவைக் கவனிக்கும் எம்டிஎஸ் (MDS) சர்வரை ஒன்றிலிருந்து மூன்றாக்கினால் வேகம் தானாகக் கூடிவிடாது. எந்த டைரக்டரியை எந்த சர்வர் கவனிக்கும் என்று யாராவது முடிவு செய்ய வேண்டும். அதற்கு இரண்டு வழிகள்: தானியங்கி பேலன்சர், அல்லது டைரக்டரியை ஒரு சர்வரோடு நாமே கட்டிவைக்கும் 'பின்' (pin).

தானியங்கி பேலன்சர் லோடை அளந்து, சூடான, அதாவது அதிகம் பயன்படும், டைரக்டரி மரத்தை வேறு சர்வருக்கு மாற்றும். கேட்க அருமைதான். ஆனால் மாற்றும்போது அந்த மரம் கொஞ்ச நேரம் உறையும், கிளையன்டுகள் காத்திருக்கும். காலையில் பில்ட், மாலையில் பேக்கப் என்று வேலை ஓயாமல் மாறும் இடத்தில் அது லோடைத் துரத்திக்கொண்டே இருக்கும். நேற்றைய நெரிசலுக்கு இன்று பாலம் கட்டுவது போல. புதிய பதிப்புகளில் இது இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருப்பது சும்மா இல்லை.

பின் போடுவது எளிது. டைரக்டரியின் 'செஃப்.டிர்.பின்' (ceph.dir.pin) பண்பில் சர்வரின் ரேங்க் எண்ணை, அதாவது எம்டிஎஸ் வரிசை எண்ணை, கொடுத்தால் போதும்; உள்ளே இருப்பதெல்லாம் அங்கேயே போகும். உள் டைரக்டரிக்குத் தனி பின் இருந்தால் அதுவே செல்லுபடியாகும். -1 கொடுத்தால் பின் நீங்கிவிடும். ஒரே குறை, ஒரு குழுவின் வேலை திடீரென்று பெருத்தால் நீங்களே பார்த்து மாற்ற வேண்டும்.

யூசர்களின் ஹோம் டைரக்டரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒவ்வொன்றாகப் பின் போட யாருக்குப் பொறுமை? தாய் டைரக்டரியில் டிஸ்ட்ரிபியூட்டட் பின் வைத்தால் சர்வர்களுக்கிடையே பிரிந்துகொள்ளும். என் ஓட்டு இதற்குத்தான்.