ஸ்பெல்லிங் ஷெட், ஸ்பெல்லிங் ஃபிரேம், பழைய நோட்டு: பள்ளி எதில் தொடங்கலாம்?

இங்கிலாந்தின் தொடக்கப்பள்ளிகளில் எந்த வகுப்பில் எந்த ஸ்பெல்லிங் விதியைக் கற்பிக்க வேண்டும் என்பதை 2014இல் நடைமுறைக்கு வந்த தேசியப் பாடத்திட்டமே வகுத்திருக்கிறது. 3, 4ஆம் வகுப்புகளுக்கு ஒரு கட்டாயச் சொற்பட்டியல், 5, 6ஆம் வகுப்புகளுக்கு இன்னொன்று. இணையத்தில் போட்டியிடும் ஸ்பெல்லிங் பயிற்சித் தளங்களான ஸ்பெல்லிங் ஷெட், ஸ்பெல்லிங் ஃபிரேம் இரண்டுமே இந்தப் பாடத்திட்டத்தை ஒட்டித்தான் அமைந்திருக்கின்றன. அதனால் சொற்களை வைத்து இரண்டையும் எடைபோடுவதில் பயனில்லை. தொடங்குவதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

ஸ்பெல்லிங் ஷெட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கு. ஆசிரியர் பட்டியலை ஒதுக்குவார். பிள்ளை வீட்டிலிருந்தும் விளையாடும். கடினமான நிலைக்குப் போனால் புள்ளிகள் கூடும். வகுப்புகளுக்கு இடையே தரவரிசையும் உண்டு. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்தான். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. வீட்டில் டேப்லெட் இல்லாத பிள்ளை எப்போதும் அடியில்தான் கிடக்கும்.

தனிக் கணக்கு என்றாலே அலுவலகத்துக்கு வேலை வந்துவிடுகிறது. பெயர்ப்பட்டியலை ஏற்ற வேண்டும், கடவுச்சொல் துண்டுச்சீட்டுகளை அச்சிட்டுக் கத்தரிக்க வேண்டும், பெற்றோருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும், தரவுப் பாதுகாப்புக் கேள்விகளுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கொடுத்த சீட்டு திங்கட்கிழமைக்குள் தொலைந்துபோகும். அதை மறுபடி அச்சிட்டுத் தருவது யார் என்று முன்பே முடிவு செய்யாத பள்ளியில் ஆர்வம் அரைப் பருவம்கூடத் தாங்காது.

ஸ்பெல்லிங் ஃபிரேமின் சில விளையாட்டுகளுக்குக் கணக்கே வேண்டாம். வகுப்புத் திரையில் திறந்துவிட்டால் போதும். ‘அக்காமடேட்’ (accommodate) என்ற சொல் ஒலிக்கிறது. ஒரு பிள்ளை எழுந்து வந்து எழுத்துகளை அடுக்குகிறது. ‘சி’ இரண்டு சரியாக வந்துவிடும். ‘எம்’ ஒன்றோடு நின்றுவிடும். உடனே பின்வரிசையிலிருந்து கூச்சல் எழும். அந்தக் கூச்சலிலேயே பாதிப் பாடம் நடந்துவிடுகிறது. யார் எதில் தடுமாறினார்கள் என்ற பதிவு வேண்டுமென்றால் மட்டும் சந்தா கட்ட வேண்டும்.

மூன்றாவது போட்டியாளர் பழைய நோட்டு. பார், சொல், மூடு, எழுது, சரிபார் என்ற அந்தப் பயிற்சியைக் கைகழுவ நான் சொல்லமாட்டேன். ஆறாம் வகுப்பின் மே மாதத் தேர்வில் ஆசிரியர் வாசிக்கும் 20 சொற்களைப் பிள்ளை கையால்தான் எழுத வேண்டும். திரையில் எழுத்தை இழுத்துப் போட்டே பழகிய கை, வெற்றுக் கோட்டின் முன்னால் தயங்கும்.

புதிதாக இறங்கும் பள்ளிக்கு நான் சொல்வது இதுதான்: முதல் அரைப் பருவம் ஸ்பெல்லிங் ஃபிரேமின் இலவசப் பகுதியும் நோட்டும் போதும். வீட்டுப்பாடமாகத் தரவும் கண்காணிக்கவும் தேவை வந்தால், ஐந்தாம் வகுப்பில் மட்டும் ஸ்பெல்லிங் ஷெட்டைத் தொடங்கலாம். கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: செப்டம்பரில் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போகும்போது கணக்குகளை மாற்றிவைப்பது நிறுவனத்தின் வேலையா, உங்கள் அலுவலகத்தின் வேலையா?