ஃபிளாட்டில் வைஃபை திணறினால்: மெஷ்ஷா, கேபிளா?

காரைக்குடியின் அடுக்குமாடி ஒன்றில் நின்று வைஃபை அனலைசர் ஆப்பைத் திறந்தால் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லார் ரூட்டரும் வரிசைகட்டி வரும். பழைய வளவு வீடுகளில் தலைகீழ்: கனத்த சுவர் நம் சிக்னலையே இரண்டாங்கட்டுக்கு விடாது. ஃபிளாட்டின் நாலரை அங்குலச் சுவரோ ஊரையே உள்ளே விடுகிறது. படுக்கையறையில் வீடியோ கால் திக்கினால் இரண்டு வழி உண்டு. மெஷ் செட், அதாவது ஒன்றோடொன்று வைஃபையிலேயே பேசி வீடு முழுக்க சிக்னல் பரப்பும் பெட்டிகள், வாங்கலாம். அல்லது கேபிள் இழுத்து அந்த அறையில் ஓர் அக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாக்கித் தரும் பெட்டி) வைக்கலாம். நான் கேபிள் கட்சி.

மெஷ் சுலபம். பிளக்கில் செருகி ஆப்பில் சேர்த்தால் முடிந்தது. ஆணி அடிக்கக்கூட விடாத வாடகை வீட்டுக்கு அதுதான் வழி.

ஆனால் நெரிசலில் பற்றாக்குறை காற்றில் கிடைக்கும் நேரத்துக்குத்தான். ஒரே சேனலில் (வைஃபை பேசும் அலைவரிசைத் துண்டு) ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்கும், யார் வீட்டுக் கருவியானாலும் சரி. மெஷ் பெட்டி போனிடம் வாங்கியதை அதே காற்றில் இன்னொரு முறை மெயின் பெட்டிக்கு அனுப்புகிறது. இரண்டு பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) மெஷ்ஷில் வேகம் ஏறத்தாழ பாதியாவது அதனால்தான். பெட்டிகள் தங்களுக்குள் பேச மூன்றாவதாக ஒரு ரேடியோ உள்ளது தேவலை; ஆனால் அதுவும் இன்னொரு சேனலைப் பிடித்துக்கொள்கிறது, அங்கேயும் அக்கம்பக்கத்தார் இருப்பார்கள். கேபிளில் போகும் டேட்டாவுக்கு இந்த வரிசையே இல்லை.

நெட்வொர்க் கேபிளில் கேட் 6 (Cat 6) வகை, முழுச் செம்புக் கம்பியாக வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் மலிவு, வளைத்தால் ஒடியும். பயன்படாத டிவி கேபிள் பைப்பில் இருந்தால் அதன் வாலில் புதியதைக் கட்டி மறுமுனையில் இழுக்கலாம். கரண்ட் வயர் போகும் பைப்பில் சேர்க்காதீர்கள். இரு முனையிலும் நிற வரிசை ஒன்றாக இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. மாட்டியதும் லிங்க் வேகத்தைப் பாருங்கள். கிகாபிட் போர்ட்டில் 100 எம்பிபிஎஸ் காட்டினால் பெரும்பாலும் ஒரு ஜோடி சரியாகப் பதியவில்லை. முனையில் அடித்த பிளக்கை வெட்டி மறுபடி அடிக்க வேண்டும்.

பழைய ரூட்டரே அக்சஸ் பாயிண்ட் ஆகும். அக்சஸ் பாயிண்ட் மோடு இல்லாவிட்டால் அதன் ஐபி முகவரியை மெயின் ரூட்டரோடு மோதாதபடி மாற்றி, டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கேபிளை லேன் போர்ட்டில் செருகுங்கள். 5 கிகாஹெர்ட்ஸில் மெயின் ரூட்டருக்குச் சேனல் 36, அக்சஸ் பாயிண்ட்டுக்கு 149 கொடுங்கள். அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் போதும். 80 வைத்தால் நான்கு சேனலை விழுங்கும், மோதல் கூடும். அவையும் நெரிசலென்றால் 52 முதல் 64 வரை பாருங்கள், பல வீடுகளில் காலியாகக் கிடக்கும். அந்தச் சேனல்களை ரேடாரும் பயன்படுத்துவதால், ரேடார் இருக்கிறதா என்று ரூட்டர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கும், பழுதென்று நினைத்துவிடாதீர்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸை ஸ்மார்ட் பல்புக்கும் கேமராவுக்கும் விட்டுவிடுங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11-இல் ஒன்று. காலி என்று 3-க்கோ 4-க்கோ போனால் 1, 6 இரண்டின் இரைச்சலும் சேரும்.

மெஷ் ஏற்கெனவே வாங்கியிருந்தாலும் வீணில்லை. பின்னால் லேன் போர்ட் இருந்தால் பெட்டிகளைக் கேபிளால் இணையுங்கள். பெரும்பாலான மாடல்கள் தானே கேபிளுக்கு மாறிக்கொள்ளும்.