தெப்பக்குளமா, சமணர் மலையா, ஜிம்மா?

உடம்புக்கு எந்தப் பயிற்சி நல்லது என்று மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தை தினமும் சுற்றுபவர்களிடம் கேட்டால், வாக்கிங் போதும் என்பார்கள். கீழக்குயில்குடி சமணர் மலையில் படியேறுகிறவர்களுக்கு மூச்சு வாங்கினால்தான் அது பயிற்சி. ஜிம்முக்குப் போகிறவர்களோ, வெயிட் தூக்காமல் உடம்பு மாறாது என்பார்கள். மூன்று தரப்பும் தன் உடம்பை வைத்துப் பேசுகிறது. கேட்பவரின் உடம்பு வேறு.

1990களில் க்ளோட் பூஷார் தலைமையில் நடந்த ஹெரிடேஜ் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவர்களை 20 வாரம் ஒரே முறையில் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். உடம்பு ஒரு நிமிடத்தில் அதிகபட்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் சராசரியாக 400 மில்லி அளவுக்குக் கூடியது. ஆனால் சிலருக்கு அது ஒரு லிட்டரைத் தொட்டது, சிலருக்கு அசையவே இல்லை. இந்த வித்தியாசத்தில் பாதிக்குப் பக்கம் குடும்ப வழியில் வருவது. ஆகவே பலன் தெரியாதவரைப் பார்த்து, “நீ ஒழுங்கா செய்யல” என்று சொல்வது அநியாயம்.

சரி, நடையிலிருந்து தொடங்குவோம். மூட்டுக்கு இதமானது, செலவில்லை, சாப்பிட்டபின் நடந்தால் சர்க்கரை சட்டென்று ஏறாது. என் அண்ணனும் மதினியும் சேர்ந்தேதான் தெப்பக்குளம் போகிறார்கள். அண்ணனுக்கு இடுப்புச் சுற்றளவு குறைந்தது. மதினிக்கு எடை இறங்கவே இல்லை, ஆனால் ராத்திரித் தூக்கமும் மனசும் தெளிந்தன. மதினிக்கு பலன் இல்லை என்று யார் சொல்ல முடியும்? நடையின் குறை, பேசிக்கொண்டே மெதுவாகச் சுற்றினால் சிலருக்கு மூச்சுத் திறன் கூடாது. அதற்கும் வழி உண்டு, நேரத்தைக் கூட்டுவதுதான். 2017இல் வெளியான ஒரு சைக்கிள் பயிற்சி ஆய்வில், வாரம் 60 நிமிடம் செய்தவர்களில் 69 சதவீதம் பேருக்கு உடல்திறன் கூடவில்லை. 240 நிமிடம், 300 நிமிடம் செய்த குழுக்களில் அப்படி ஒருவர்கூட இல்லை.

மலையேற்றம் குறைந்த நேரத்தில் இதயத்துக்கு அதிக வேலை கொடுக்கும். சிக்கல் மனசில்தான். வாய்விட்டுப் பேச முடியாத அளவுக்கு மூச்சு முட்டும்போது பெரும்பாலோருக்கு உற்சாகம் வடிந்துவிடும். ஏறி முடித்து உட்கார்ந்தபின் திரும்ப வரும். சிலருக்கு அந்தத் திணறலே பிடித்துப்போகிறது, அவர்களுக்கு மலையை விட வேறு மருந்தில்லை. இறங்கும்போது முழங்காலைக் கவனிக்க வேண்டும். நெஞ்சு வலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது.

ஜிம்மிலும் இதே கதைதான். 500 பேருக்கு மேல் 12 வாரம் ஒரே கைப்பயிற்சி கொடுத்தபோது சிலருக்கு பலம் துளியும் கூடவில்லை, சிலருக்கு இரண்டு மடங்கைத் தாண்டியது. ஆனாலும் ஐம்பது தாண்டியவர்கள் வெயிட்டை ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சர்க்கரையை உறிஞ்சுவது தசை, வயதாக ஆகக் கரைவதும் அதுவே. உலக சுகாதார நிறுவனமும் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியோடு இரண்டு நாள் தசைப் பயிற்சியும் கேட்கிறது.

என் தேர்வு தெப்பக்குளம்தான், புதிதாகத் தொடங்குபவருக்கு. மனசுக்குப் பிடித்தால்தான் மறுநாளும் கால் கிளம்பும். இரண்டு மூன்று மாதத்தில் எதுவும் மாறவில்லை என்றால் முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், அப்புறம் வாரத்தில் ஒருநாள் மலை அல்லது வெயிட் சேருங்கள். எடை மெஷினை மட்டும் பார்க்காமல் இடுப்பளவு, ஓய்வு நேர நாடித்துடிப்பு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c), தூக்கம் இவற்றையும் குறித்துவையுங்கள்.