அந்தமானில் ஒரு நாள் ஸ்நார்க்லிங்: நார்த் பே, ஜாலி பாய், எலிஃபண்ட் பீச், பரத்பூர் – யாருக்கு எது?

ஸ்நார்க்லிங் என்றால் மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதந்தபடி பவளமும் மீனும் பார்ப்பது. டூர் ஏஜென்ட் நீட்டும் பட்டியலில் நான்கு பெயரும் ஒரே மாதிரிதான் தெரியும்: படகு, கைடு, மாஸ்க், பவளப்பாறை, மீன். நேரில் நான்கும் நான்கு விதம். ஒன்றில் பவளம் நன்றாக இருக்கும், ஒரு டீ கிடைக்காது. இன்னொன்றில் டீ, மேகி, ஜெட் ஸ்கி எல்லாம் கிடைக்கும், தண்ணீர்தான் கலங்கல். மற்றொன்றில் நேரம் தப்பிப் போனால் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு மீன் எங்கே என்று தேட வேண்டும்.

இடத்தை ஒப்பிடுவதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். முதலாவது வெயில். அந்தமானில் கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடும், சூரியன் கிட்டத்தட்ட மியான்மர் நேரத்தில் ஓடும். சீசனில் உச்சி வெயில் 12 மணிக்கு இல்லை, 11 மணியிலிருந்து 11.35-க்குள் வந்துவிடும். டிசம்பரில் மாலை 5 மணிக்கே பொழுது சாயும். வெளிச்சம் நேராகத் தண்ணீருக்குள் இறங்கும் காலை 9.30 முதல் 12.30 வரைதான் பவளத்தின் நிறம் தெரியும். மூன்று மணிக்கு மேல் அதே பாறை சாம்பல் திட்டாகத்தான் கண்ணில் படும். 'சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போகலாம்' என்ற நம் ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது.

இரண்டாவது, நம் மீனவர்கள் ஏத்தம், வத்தம் என்று சொல்லும் கடல் ஏற்ற இறக்கம். ஒரு நாளில் இரண்டு ஏத்தம், இரண்டு வத்தம். இடைவெளி சுமார் ஆறு மணி நேரம். ஒவ்வொரு நாளும் இது ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 10 மணிக்கு வத்தம் என்றால் நான்கு நாள் கழித்துப் பிற்பகல் 1.20-க்கு வத்தம். ஏறும் தண்ணீர் வெளிக்கடலிலிருந்து தெளிவாக வரும். இறங்கும் தண்ணீர் கரை மணலையும் சதுப்புக்காட்டுச் சேற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால் ஏத்தம் முடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் நல்ல நேரம். போர்ட் பிளேருக்கான டைட் டேபிள் (ஏத்த வத்த நேர அட்டவணை) போனிலேயே கிடைக்கும். ஓட்டல் புக் பண்ணுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

நான்கு இடத்தையும் இந்த ஒரு அளவுகோலில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்: தண்ணீரில் இறங்கும் நேரத்தை நீங்கள் முடிவு செய்கிறீர்களா, படகுக்காரர் முடிவு செய்கிறாரா?

நார்த் பே

பழைய 20 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும் தென்னை மரக் கடற்கரைக் காட்சி இந்தப் பக்கத்துடையதுதான். போர்ட் பிளேர் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், பேச்சில் இன்னும் போர்ட் பிளேர்தான்) அபர்தீன் ஜெட்டியிலிருந்து கொஞ்ச நேரத்தில் படகு போய்விடும். பெரும்பாலும் ராஸ் தீவோடு சேர்த்து ஒரே டிக்கெட்டாக விற்பார்கள். ராஸ் தீவு புதன்கிழமை மூடியிருக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

துறைமுகத்தை ஒட்டிய இடம், படகு நடமாட்டம் ஓயாது, தண்ணீர் அடிக்கடி கலங்கும். பவளம் பார்க்க மட்டும் என்றால் நான்கில் இதுதான் கடைசி. ஆனால் தண்ணீரில் இறங்கவே மாட்டேன் என்கிற பாட்டி கூட வந்தால் கணக்கு மாறும். அடிப்பகுதியில் கண்ணாடி ஜன்னல் வைத்த செமி சப்மரைனில் புடவை நனையாமல் உட்கார்ந்து மீன் பார்க்கலாம். ஊரில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, அதுவும் திங்கட்கிழமை என்றால் இங்கேதான் போக வேண்டிவரும். காரணம் அடுத்த பத்தியில்.

ஜாலி பாய்

வண்டூரில் இருக்கும் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் 15 தீவுகள் உண்டு, 1983-இல் அறிவிக்கப்பட்டது. அதில் ஒன்று ஜாலி பாய். பொதுவாக நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை ஜாலி பாய், மற்ற மாதங்களில் ரெட் ஸ்கின் தீவு என்று மாற்றி மாற்றித் திறப்பார்கள். பவளத்துக்கு ஓய்வு கொடுப்பதுதான் நோக்கம். திங்கட்கிழமை விடுமுறை. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு இருப்பதால் அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும். ஜெட்டியில் போய் நின்று கெஞ்சிப் பயனில்லை.

போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு மணி நேரப் பயணம். அங்கிருந்து படகில் இன்னும் ஒரு மணி நேரம். பாதி வழி இருபுறமும் சதுப்புக்காடு, தண்ணீர் குளம்போல அசையாது. ஜெட்டியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் பாக்கெட், சிப்ஸ் கவர், ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில் எதுவும் தாண்டாது. தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் கட்டி, திரும்பி வந்து காட்டி வாங்கிக்கொள்ளும் முறை உண்டு. தீவில் கடை கிடையாது. காலையிலேயே இட்லியோ எலுமிச்சைச் சாதமோ எவர்சில்வர் டப்பாவில் கட்டிக்கொள்ளுங்கள். வாழையிலைப் பொட்டலமும் சரி, பாலித்தீன் சுற்று மட்டும் கூடாது.

கரையை ஒட்டியே பவளம் இருப்பதால் பெரிய படகு மணலைத் தொடாது. சற்றுத் தள்ளி நிறுத்தி, கண்ணாடி அடித்தளம் போட்ட சின்னப் படகுக்கு ஆட்களை மாற்றுவார்கள். இரண்டு படகும் வெவ்வேறு தாளத்தில் ஏறி இறங்கும். இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும் கணத்தில், கைடின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு காலை வைக்க வேண்டும். விரலைப் பிடித்தால் வழுக்கும். முழங்கால் வலிக்காரர்கள் இந்த ஓர் இடத்தை யோசித்துவிட்டு டிக்கெட் எடுப்பது நல்லது.

2004 சுனாமி, 2010-இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்துப்போனது என்று இந்தப் பகுதி அடிமேல் அடி வாங்கியிருக்கிறது. பழைய படங்களில் உள்ள அடர்த்தியை எதிர்பார்த்துப் போகக் கூடாது. இருந்தும், கூட்டம் குறைவு, ஜெட் ஸ்கி கிடையாது என்பதால், நிதானமாகப் பவளம் பார்க்க நினைப்பவருக்கு நான்கில் முதலிடம் இதற்குத்தான். குறை ஒன்றுதான்: புறப்படும் நேரம், திரும்பும் நேரம் இரண்டும் படகுக்காரர் கையில். மணியை நீங்கள் மாற்ற முடியாது, தேதியைத்தான் மாற்ற முடியும். முற்பகலில் ஏத்தம் வரும் நாளாகப் பார்த்து அனுமதி வாங்குங்கள்.

திரும்பும்போது வண்டூர் கடற்கரையில் குளிக்க இறங்க வேண்டாம். முதலை எச்சரிக்கைப் பலகை சும்மா வைத்ததில்லை. 2010-இல் ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரை அருகே நீல்ஸ் கோவ் பகுதியில் ஸ்நார்க்லிங் செய்த ஓர் அமெரிக்கப் பெண் முதலை தாக்கி இறந்தார். கழிமுகமும் சதுப்புக்காடும் கடலில் சேரும் இடங்களில் தனியாக இறங்காமல் இருப்பதே வழி.

எலிஃபண்ட் பீச்

ஹேவ்லாக் (ஸ்வராஜ் தீவு) போக போர்ட் பிளேரிலிருந்து தனியார் கப்பலில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து எலிஃபண்ட் பீச்சுக்குப் படகில் இருபது, முப்பது நிமிடம். இன்னொரு வழி, ராதாநகர் சாலையில் இறங்கி வனத்துறையிடம் பெயர் பதிந்துவிட்டு, காட்டுக்குள் சுமார் இரண்டு கிலோமீட்டர் நடப்பது. மழைக்குப் பிறகு சேறு கணுக்காலை விழுங்கும், சில சமயம் பாதையையே மூடிவிடுவார்கள். நடந்து போகிறவருக்கு ஒரு லாபம் உண்டு: முதல் படகுகள் வந்து இறங்குவதற்கு முன்பே தண்ணீரில் இருக்கலாம். நீங்களே நேரத்தை முடிவு செய்யும் வழி இதுதான்.

வேரோடு சாய்ந்து வெளுத்த பெரிய மரங்கள் கரையில் கிடக்கும். உடை மாற்றும் மறைப்புகள், பழக்கடை, டீக்கடை, ஜெட் ஸ்கி, வாழைப்பழப் படகு எல்லாம் உண்டு. கடற்கரைப் பூங்கா மாதிரி குடும்பத்தோடு பொழுதைக் கழிக்க நான்கில் இதுவே வசதி. பவளம் கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே தொடங்கும். கடல் தாமரைக்குள் ஒளியும் கோமாளி மீன், பாறையைக் கொறிக்கும் கிளி மீன், வண்ணத்துப்பூச்சி மீன் இவை மூன்றும் பெரும்பாலும் கண்ணில் படும். முகத்தைத் தண்ணீரில் வைத்து அசையாமல் இருந்தால் கிளி மீன் பவளத்தைக் கடிக்கும் 'கரக் கரக்' சத்தம் காதில் விழும்.

சச்சரவு வருவது டிக்கெட்டில். படகுக் கட்டணத்தோடு 'இலவச ஸ்நார்க்லிங்' என்பார்கள். அது பல சமயம் மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு ஆழமில்லாத இடத்தில் ஒரு சுற்று, அவ்வளவுதான். 'உள்ளே நல்ல பவளம் இருக்கிறது, அதற்குத் தனி' என்ற பேச்சு தண்ணீரில் நிற்கும்போதுதான் வரும். அதனால் ஜெட்டியிலேயே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: தண்ணீருக்குள் எத்தனை நிமிடம், ஒரு கைடுக்கு எத்தனை பேர், போட்டோ வீடியோ இதில் சேர்த்தியா. அரை மணி நேரம், இரண்டு பேருக்கு ஒரு கைடு என்றால் நல்ல பேரம். நான்கு பேரை ஒரே வளையத்தில் கட்டி இழுத்தால், நீச்சல் தெரியாத ஒருவர் பயந்ததும் நான்கு பேரும் கரைக்குத் திரும்ப வேண்டியதுதான். கையில் ரொக்கம் வைத்திருங்கள். கரையில் சிக்னலை நம்பி இறங்க வேண்டாம்.

பரத்பூர்

நீல் (ஷஹீத் தீவு) ஜெட்டிக்குப் பக்கத்திலேயே உள்ள கடற்கரை. நடந்தே போகலாம், அதனால் நேரம் முழுக்க உங்கள் கையில். ஆழமில்லாத, அலை குறைந்த தண்ணீர். குழந்தைக்கு முதல்முதலாக மாஸ்க் மாட்டிப் பழக்க இதைவிட நல்ல இடம் இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வத்தத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். கண்ணாடிப் படகு தரைதட்டிக் காத்திருக்கும், நடந்தால் பவளம் காலைக் கிழிக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏத்த வத்த வித்தியாசம் இன்னும் அதிகம். டைட் டேபிள் பார்க்காமல் போய் ஏமாறுவது இங்கேதான் அதிகம் நடக்கும்.

எங்கே போனாலும் நாள் கெடுவது மாஸ்க்கால்தான்

மாஸ்க்கின் பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சிவிட்டுக் கையை எடுங்கள். விழாமல் ஒட்டியிருந்தால் அளவு சரி. விழுந்தால் வேறு கேளுங்கள். பட்டையை இறுக்கினால் ஒழுகல் கூடுமே தவிர நிற்காது. நம் ஆட்களுக்கு முக்கிய எதிரி மீசை. சிலிக்கான் விளிம்பு மீசை மேல் உட்கார்ந்தால் முடிக்கு நடுவே தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏறும். மூக்கின் கீழே ஒரு விரல் அகலத்துக்கு மழித்துவிடுவது நல்லது. மனசு வரவில்லை என்றால் அந்த இடத்தில் வாசலினை மெல்லிசாகத் தடவுங்கள். விளிம்புக்குள் ஒரு முடிக்கற்றை, தொப்பி நுனி சிக்கினாலும் இதே கதை. கண்ணாடி போடுகிறவர்கள் அதன் மேல் மாஸ்க் மாட்ட முடியாது; பவர் மாஸ்க் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால் சின்ன பவர்காரர்கள் சும்மாவே சமாளிக்கலாம்.

இடுப்பளவு தண்ணீரில் ஐந்து நிமிடப் பழக்கம் போதும். முதலில் நின்றபடி வாயால் மட்டும் மூச்சு, பிறகு முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்துப் பத்து மூச்சு, அதன் பிறகு மிதப்பது. குழாயில் தண்ணீர் புகுந்தால் 'தூ' என்று ஒரே மூச்சில் ஊதுங்கள். உறிஞ்சினால் இருமல், இருமினால் பயம். மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் மேல் விளிம்பை நெற்றியில் அழுத்தி மூக்கால் வெளியே விடுங்கள். ஆஸ்துமா, இதய நோய், கர்ப்பம் இருந்தால் கைடிடம் மறைக்க வேண்டாம்.

உடைக்கு முழுக்கை டைட் டி-ஷர்ட்டும் லெகிங்ஸும் போதும். பருத்திச் சுடிதார் நனைந்தால் கனத்து இழுக்கும், துப்பட்டா குழாயில் சுற்றும். முதுகும் கெண்டைக்காலும்தான் வெந்துபோகும். பவளத்துக்குக் கெடுதலான ஆக்சிபென்சோன் இல்லாத, ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீனை இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன் தடவுங்கள். படகு ஒத்துக்கொள்ளாதவர்கள் காலையில் பூரி மசாலாவைத் தவிர்த்து இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். வாந்தி மாத்திரையைப் படகேறிய பிறகு போட்டுப் பலனில்லை, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும்.

ஹேவ்லாக்கில் இரண்டு இரவு இருப்பவர்களுக்கு நாள் இப்படி அமையும்: காலை 8 மணிப் படகு, 8.30-க்கு எலிஃபண்ட் பீச், மாஸ்க் பழக்கம், 9.30-லிருந்து 10 வரை தண்ணீர், இளநீர், வேண்டுமானால் இன்னொரு சுற்று, 12 மணிக்குள் ஜெட்டி, சாப்பாடு. இரண்டரை மணிக்குக் கிளம்பி 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள ராதாநகர். சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2020-இல் பெற்ற கரை அது. குளியலறை, உடை மாற்றும் அறை சுத்தமாக இருக்கும். ஸ்நார்க்லிங்குக்கு அங்கே ஒன்றும் இல்லை, மணலும் அலையும் அந்திச் சிவப்பும்தான். போர்ட் பிளேரிலிருந்து ஒரே நாளில் போய்வருகிறவர்கள் இதில் பாதியைத்தான் பார்ப்பார்கள். காற்று வலுத்துக் கப்பல் ரத்தானால் மறுநாள் விமானமும் போச்சு. ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய நாளில் ஹேவ்லாக்கை வைக்க வேண்டாம்.

ஸ்நார்க்லிங் முடித்து விமானம் ஏறுவதற்கு எந்தக் காத்திருப்பும் தேவையில்லை. ஆசைப்பட்டு, காற்று சிலிண்டரோடு ஆழத்தில் மூழ்கும் ஸ்கூபாவும் செய்தால் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். உடைந்த பவளத் துண்டைப் பையில் போட வேண்டாம். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம், விமான நிலைய ஸ்கேனரில் பளிச்சென்று தெரியும். குழந்தை பொறுக்கி வைத்த சங்கையும் கிளம்பும் முன் அதன் பைக்குள் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.