வீட்டில் பொங்கல், வெளியூரில் இட்லி

காலையில் எது சாப்பிட்டால் நல்லது என்று யாரைக் கேட்டாலும் இட்லி என்றுதான் பதில் வரும். நானும் மறுக்கவில்லை. ஆனால் எங்கே சாப்பிடுகிறோம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நம் அடுப்பில் நாமே செய்து சாப்பிடுவது வேறு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் கடையில் உட்கார்ந்து ஆர்டர் சொல்வது வேறு. இடம் மாறினால் என் வரிசை அப்படியே தலைகீழாகிவிடும்.

இட்லியை எளிய உணவு என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மாவு அரைக்காதவர்கள். 4 பங்கு இட்லி அரிசிக்கு 1 பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம், நாலைந்து மணி நேரம் ஊறல், உளுந்தைத் தனியாகப் பந்து போலப் பொங்க அரைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கிரைண்டரைக் கழுவுவது. அப்புறம் 8 முதல் 12 மணி நேரம் புளிக்க வேண்டும். சித்திரை வெயிலில் மாவு பாத்திரத்தைத் தாண்டி மேடையில் வழியும். மார்கழியில் விடிந்த பிறகும் அசையாமல் கிடக்கும். வேகும் நேரம் மட்டும்தான் 10 நிமிடம். திங்கட்கிழமை காலை இட்லிக்கு ஞாயிறு மத்தியானமே ஒருவர் வேலையைத் தொடங்கியாக வேண்டும், அந்த ஒருவர் யார் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம். கடை மாவு வாங்கலாம்தான். உளுந்தில் கை வைத்திருக்கிறார்களா என்பது இட்லி ஆறிய பிறகுதான் தெரியும்.

பொங்கலுக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. முந்தைய இரவு யோசிக்காமல் தூங்கியவர்களுக்கான டிபன் அது. ஒரு டம்ளர் பச்சரிசி, அரை டம்ளர் பாசிப்பருப்பு, பருப்பை வாசம் வரும்வரை லேசாக வறுத்துக்கொண்டு, ஐந்து டம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஏற்றினால் நாலைந்து விசிலில் குழைந்துவிடும். நெய்யில் சீரகம், ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் முடிந்தது. அரை மணி நேரம் போதும். பருப்பு இருப்பதால் புரதமும் சேர்கிறது, மிளகும் இஞ்சியும் அதை மந்தமாகாமல் பார்த்துக்கொள்கின்றன. நான்கு பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி நெய் தாராளம். முந்திரி இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் குறையில்லை.

இதே பொங்கல் ஹோட்டலுக்குப் போனதும் வேறு ஆளாகிவிடுகிறது. பொங்கல் ஆற ஆற இறுகும். காலை 6 மணிக்கு இறக்கியதை 10 மணி வரை கரண்டியில் எடுக்கும் பதத்தில் வைத்திருக்க நெய்யோ வனஸ்பதியோ எண்ணெயோ சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள், அல்லது வெந்நீர் ஊற்றிக் கிளறுகிறார்கள். சாப்பிட்டு முடித்த தட்டைச் சாய்த்துப் பாருங்கள், ஓரத்தில் மஞ்சளாக ஓடி நிற்கும். கூடவே ஒரு வடை வேறு. பதினோரு மணி மீட்டிங்கில் கண் சொருகினால் மீட்டிங்கைக் குறை சொல்ல வேண்டாம்.

வெளியூரில்தான் இட்லிக்கு நிகரே இல்லை. ஆவியில் வெந்தது, எண்ணெய் கிடையாது, கூட்டமுள்ள கடையில் ஈடு ஈடாக இறங்கிக்கொண்டே இருக்கும். முக்கியமாக, இட்லியால் எதையும் மறைக்க முடியாது. மாவு புளித்துப் போயிருந்தால் முதல் விள்ளலிலேயே தெரியும். நேற்றையது என்றால் ஓரம் காய்ந்து வெடித்திருக்கும். புரட்டியும் பாருங்கள். துணியில் ஊற்றிய இட்லியின் அடியில் துணியின் இழை வரிவரியாகப் பதிந்திருக்கும். அது இல்லாவிட்டால் எண்ணெய் தடவிய தட்டா, பிளாஸ்டிக் தாளா என்று விசாரிப்பதில் தவறில்லை. துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாளில் வேகவைக்கும் பழக்கம் பரவியதால்தான் 2025-இல் கர்நாடக அரசு அதற்குத் தடை போட்டது.

ஹோட்டல் இட்லியில் ஆபத்து இருந்தால் அது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் சட்னியில்தான். அரைத்த தேங்காய், கொதிக்காத தண்ணீர், வெயில் ஏற ஏறக் கெடும். ஒன்பதரைக்கு மேல் போனால் நான் சாம்பாரோடு நிறுத்திக்கொள்வேன், கொதிக்கிற வாளியிலிருந்து வருகிறதே. சாம்பாரைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றச் சொல்லுங்கள். வெறும் இட்லி அரிசிக் கணக்குதான், மூன்று சாப்பிட்டாலும் பத்தரைக்குப் பசி எட்டிப் பார்க்கும். சாம்பாரில் இருக்கும் பருப்பு கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும்.

இரண்டும் வேண்டும் என்பவர்கள் காஞ்சிபுரம் போகலாம். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியில் மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் உண்டு. மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் வேகிறது. இட்லியும் பொங்கலும் சம்பந்தி ஆனது போல ஒரு ருசி.

வீட்டுப் போட்டியில் பொங்கலை முந்தக்கூடியது ஒன்றுதான்: பழைய சோறு. மிஞ்சிய புழுங்கலரிசிச் சோற்றை ஆறியதும் சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் மீதி வேலையை இரவு பார்த்துக்கொள்ளும். இட்லி மாவைப் போலவே இதையும் புளிக்க வைப்பது லாக்டிக் அமில பாக்டீரியாதான், ஆனால் கிரைண்டர் இல்லை, அடுப்பு இல்லை. காலையில் உப்பு, மோர், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். வெயில் காலத்தில் இதற்கு ஈடு சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. ராத்திரி பத்து மணி வரை சோற்றைச் சும்மா வெளியே போட்டுவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றுவது மட்டும் கூடாது. இப்போது சில ஹோட்டல்களில் மண்சட்டியில் அழகாக வைத்துத் தருகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும். எந்தத் தண்ணீர், எப்போது ஊற்றியது என்று தெரியாத வரை நான் தொடுவதில்லை.

கேழ்வரகுக் கூழும் ஏறக்குறைய இதே கணக்கு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசி இதில் பக்கத்திலேயே வர முடியாது. வீட்டில் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யோடு காய்ச்சி, மோர் விட்டுக் குடித்தால் மதியம் வரை வயிறு கேட்காது. தள்ளுவண்டிக் கூழ் என்றால் மோருக்கு ஊற்றும் தண்ணீர்க் குடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உப்புமாவைக் கிண்டல் செய்யாமல் இருந்தால் போதும். 15 நிமிடத்தில் கோதுமை ரவையும் நாலு காய்கறியும் தட்டுக்கு வந்துவிடும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளிக் குழந்தைகளுக்குப் பட்டியல் போட்டபோது உப்புமா, கிச்சடி, பொங்கல் என்றுதான் போட்டார்கள். ஒரே பாத்திரத்தில் நூறு பேருக்கு ஆகிற சமையல் அதுதானே. ஹோட்டல் உப்புமா பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, யாரும் கேட்டு வாங்குவதில்லை.

தங்கும் ஹோட்டலில் வாடகையோடு தரும் பஃபே தனி ரகம். காசு கொடுத்தாகிவிட்டதே என்று பூரி, கார்ன்ஃபிளேக்ஸ், கேக் எல்லாம் ஒரே தட்டில் ஏறும். அங்கே கண்ணெதிரே சுடும் தோசையும் முழுசாக இருக்கும் வாழைப்பழமும் போதும்.

ரயில் பயணத்துக்கு மட்டும் வீட்டு இட்லியையே எடுத்துப் போவேன். நன்றாக ஆறவிட்டு, மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி, வாழை இலையில் கட்டினால் மதியம் வரை மெத்தென்று இருக்கும். சூட்டோடு கட்டினால் நீர் விட்டுக் கெட்டுவிடும். பாசத்தோடு யாராவது தேங்காய்ச் சட்னியையும் டப்பாவில் ஊற்றித் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எழும்பூரில் ஏறினால் திருச்சி வருவதற்குள் ஊசிப்போகும்.