ஊறவைப்பதா, வடிப்பதா, காயையே மாற்றுவதா?

நாள்பட்ட சிறுநீரக நோயில் பொட்டாசியம் உடலில் தேங்கக்கூடும் என்றாலும், அந்த நோய் உள்ளவர்கள் அனைவரும் அதைத் தரும் காய்கறிக்கு அஞ்ச வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில் பொட்டாசியம் 3.5 முதல் 5 வரையிலான வரம்புக்குள் நிற்கிறது என்றால், கீரையையும் கிழங்கையும் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றையும் மோரையும் உண்பது தேவையற்ற தண்டனை. அந்த எண் ஏறி, இதயத் துடிப்பு தடுமாறக்கூடும் என்று மருத்துவர் எச்சரித்த பிறகுதான் சமையல் முறையைப் பற்றிய கேள்வி எழுகிறது. அப்போது காயிலிருந்து சேரும் பொட்டாசியத்தைக் குறைக்க வீடுகளில் மூன்று வழிகள் பேசப்படுகின்றன.

முதலாவது, நறுக்கிய காயை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைப்பது. பலரும் நம்பும் இந்த வழியால் பெரிய பயன் இல்லை. உருளைக்கிழங்கை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஊறவைப்பதால் மட்டும் பொட்டாசியம் சொல்லத்தக்க அளவு குறையவில்லை. பொட்டாசியம் செல்களுக்குள் இருக்கிறது. செல்சுவரைத் தளர்த்தும் வேலையைப் பச்சைத் தண்ணீர் செய்வதில்லை, கொதிதான் செய்கிறது.

இரண்டாவது வழியான வேகவைத்து வடிப்பதில், எவ்வளவு சிறிதாக நறுக்குகிறோம் என்பதே பலனைத் தீர்மானிக்கிறது. உருளைக்கிழங்கைச் சிறு சதுரங்களாக வெட்டி நிறைய நீரில் கொதிக்கவிட்டு வடித்தால் பொட்டாசியத்தில் பாதியளவு வெளியேறுகிறது; துருவி வேகவைத்தால் முக்கால் பங்குவரை குறைகிறது. தோலோடு முழுதாகக் குக்கரில் போட்டு இரண்டு விசில் விட்ட கிழங்குக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. காய் வெந்த நீரைக் கீழே ஊற்றினால் சத்தெல்லாம் போய்விடும் என்று ரசத்தில் சேர்ப்பது பல தலைமுறைப் பழக்கம். மற்றவர்களுக்கு அது சிக்கனம், இங்கோ வடித்தது முழுவதும் தட்டுக்கே திரும்பிவிடுகிறது. சாம்பாரிலும் இதே கதைதான். காய் வெந்த நீரே குழம்பாகிறது, அதோடு பருப்பும் புளியும் தக்காளியும் தம் பங்கைச் சேர்க்கின்றன. வடிப்பதால் வைட்டமின் சி போன்றவையும் கரைந்து போகும் என்பது உண்மை. ஆனால் பொட்டாசியம் ஏறிய நிலையில் அந்த இழப்பை ஏற்கத்தான் வேண்டும்.

மூன்றாவது வழி காயையே மாற்றுவது. அன்றாடத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். 100 கிராம் பச்சை உருளைக்கிழங்கில் சுமார் 420 மில்லிகிராம், பாலக்கீரையில் 550 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்க, சுரைக்காயில் ஏறத்தாழ 150 மில்லிகிராம்தான் இருக்கிறது. முட்டைக்கோசும் வெள்ளரியும் அதை ஒட்டியே வருகின்றன. தினமும் வடித்துக்கொண்டிருக்கும் உழைப்பும் மிச்சம், சுவையும் கெடாது. ஆயினும் குறைவு என்ற தைரியத்தில் மூன்று மடங்கு கூட்டு சாப்பிட்டால் உருளைக்கிழங்கின் அளவையே எட்டிவிடும். அதன்மேல் கைநிறையத் தேங்காய்த் துருவல் போட்டால் மிஞ்சியும்விடும். ஆகவே வாரத்தில் ஒருநாள் உருளைக்கிழங்கு வேண்டும் என்கிற ஆசைக்கு மட்டும் வடிக்கும் முறையை வைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் பார்த்துச் செய்த பிறகும் எண் இறங்கவில்லையென்றால் காயைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு பொருள்களைச் சரிபார்க்க வேண்டும். டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றக்கூடும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மற்றொன்று, ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று வாங்கிவைத்த சோடியம் குறைந்த உப்பு. அதில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்த்திருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான்.